சூரியன் வராத ஊரில் ஒரு பொங்கல்

வெளிநாட்டில் படிக்கும் பிள்ளைக்கு எந்த நாள் கடினமானது என்று கேட்டால், பரீட்சை நாள் என்றே பலரும் சொல்வார்கள். நான் நல்ல நாட்களையே சொல்வேன். பரீட்சைக்கு எல்லோரும் சேர்ந்து பயப்படலாம். ஆனால் தைப்பொங்கல் எங்களுடைய திருநாள் என்பது அங்கே யாருக்கும் தெரியாது. பஸ் வழமைபோல ஓடும். வகுப்பு வழமைபோல நடக்கும். அந்த நாள் நமக்குள்ளே மட்டும் விடிந்து, நமக்குள்ளேயே முடிந்துபோகும்.

2012 ஓகஸ்ட் முதல் 2014 ஜூன் வரை நோர்வேயின் வடக்கில், ட்ரொம்சோ பல்கலைக்கழகத்தில் கடற்றொழில் முகாமைத்துவத்தில் முதுமாணி ஆய்வு செய்தேன். எங்கள் கரையோரப் பெண்கள் கருவாடு போட்டுப் பெறும் வருமானமே என் ஆய்வுப் பொருள். முல்லைத்தீவில் மீள்குடியேறிய எங்கள் தகரக் கொட்டிலில் அம்மாவைத் தனியே விட்டுத்தான் போனேன். அங்கே கழித்த நல்ல நாட்களைப் பற்றி எழுதச் சொன்னார்கள். எங்களைப் போன்ற வீடுகளுக்கு அதில் ஏதும் பயன் இருக்கும் என்று நம்பி எழுதுகிறேன்.

பிறந்தநாள்காரியே பலகாரம் கொண்டு போகவேண்டும்

முதலில் வந்தது என் பிறந்தநாள். இடம்பெயர்ந்த காலத்தில் பிறந்த திகதி என்பது முகாம் படிவத்தில் நிரப்பும் ஒரு கட்டம் மட்டுமே. யாரும் வாழ்த்தியதில்லை. வாழ்த்த நேரமும் இருந்ததில்லை.

நோர்வேயில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. பிறந்தநாள்காரரே கேக் செய்து வேலையிடத்துக்குக் கொண்டு போவார். யாராவது நினைவு வைத்திருக்கிறார்களா என்று ஏங்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. நான் அம்மா கட்டித் தந்த பயற்றம் பணியாரத்தைக் கொண்டு போனேன். ஒருவர் தட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிறு தேசியக் கொடியை நிறுத்தினார். பிறந்தநாள் மேசையில் கொடி வைப்பது அவர்களின் முறை. கொடி என்றால் காவலரணையே நினைத்துப் பழகிய எனக்கு, பலகாரத் தட்டுக்குப் பக்கத்தில் அதைப் பார்த்தது புதுமையாக இருந்தது.

கல்லறையில் விளக்கு, மேசையில் விருந்து

நத்தார் வந்ததும் மாணவர் விடுதி வெறிச்சோடிப் போயிற்று. நூலகத்தில் பழக்கமான ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் என்னைத் தம் வீட்டுக்கு அழைத்தார். அங்கே டிசம்பர் 24ஆம் திகதியே பெருநாள். பகலில் பாலில் அவித்த அரிசிக் கஞ்சி தந்தார். மேலே சீனி, கறுவாத்தூள், ஒரு துண்டு வெண்ணெய். கஞ்சிக்குள் ஒரேயொரு பாதாம் பருப்பை ஒளித்து வைப்பார்கள். அது யாருடைய கோப்பையில் வருகிறதோ அவருக்குப் பரிசு. பாற்சோறு தின்று வளர்ந்த எனக்கு அந்த வாசனை அந்நியமாகப் படவில்லை.

பிறகு என்னை மயானத்துக்குக் கூட்டிப் போனார். பனி மூடிய கல்லறைகளின் முன்னால் நூற்றுக்கணக்கான மெழுகுதிரிகள் எரிந்தன. நத்தார் நாளில் இறந்தவர்களுக்கு விளக்கு வைப்பது அவர்களின் வழக்கம். அந்த அம்மையாரின் மாமா ஒருவர் கடலில் போனவர். உடல் கிடைக்கவில்லை. கல்லறை இல்லாதவர்களுக்கென இருந்த பொது நினைவுக்கல்லின் முன் அவருக்கும் ஒரு திரி ஏற்றினார்.

திரும்பும் வழியில் தம் கதையைச் சொன்னார். அவர் பின்மார்க் என்ற வடபகுதியில் பிறந்தவர். 1944ஆம் ஆண்டு பின்வாங்கிய ஜேர்மன் படை அங்கிருந்த வீடுகளை எரித்தது. ஏறத்தாழ 50,000 பேர் ஊரைவிட்டு அகற்றப்பட்டனர். போக மறுத்தவர்கள் குகைகளிலும் மண் குடிசைகளிலும் அந்தக் குளிர்காலத்தைக் கழித்தார்கள். அப்போது அவருக்கு ஆறு வயது. “எங்கள் தாய் அந்த நத்தாருக்கும் ஒரு திரி கொளுத்தினார்” என்றார். வீட்டுக்கு வந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு விருந்து பரிமாறினார். ஒரே நாளில் இரண்டையும் செய்தார்.

மஞ்சள் கோலம்

எங்கள் வீட்டில் 2009இற்குப் பிறகு பொங்கல் இல்லை. அந்த ஆண்டு தம்பி காணாமற்போனான். ஒரு வீட்டில் சாவு நடந்தால் ஆண்டுத்திவசம் வரை கொண்டாட்டம் இல்லை. திவசம் முடிந்ததும் பெரியவர்கள் வந்து “இனிப் பொங்குங்கோ” என்பார்கள். காணாமற்போனவனுக்குத் திவசம் ஏது? அதனால் எங்களிடம் யாரும் வந்து அப்படிச் சொல்லவில்லை. “அவன் எங்கை பட்டினி கிடக்கிறானோ, நான் பொங்கித் தின்னவோ?” என்பார் அம்மா.

அந்த நத்தாருக்குப் பிறகு, பொங்குவது என்று முடிவு செய்தேன். ஆனால் ட்ரொம்சோ ஆர்க்டிக் வட்டத்துக்கு மேலே இருக்கும் ஊர். நவம்பர் கடைசியில் மறையும் சூரியன் ஜனவரி நடுப்பகுதிவரை அடிவானத்துக்கு மேலே வராது. சுற்றிலும் மலை என்பதால், ஊருக்குள் அதைக் காண ஜனவரி 21 அளவில் ஆகிவிடும். எங்கள் பொங்கலோ 14ஆம் திகதி. நன்றி சொல்லச் சூரியனே இல்லை!

நத்தார்க் கஞ்சிக்கு விற்கும் குழைவான அரிசியை வாங்கினேன். பயறு ஆசியக் கடையில் கிடைத்தது. நோர்வேக்காரர் பணிசுக்கு ஏலக்காய் போடுவார்கள், ஆகவே அது எல்லாக் கடையிலும் உண்டு. சர்க்கரைக்குப் பதிலாக மண்ணிறச் சீனி. வாசலில் கோலம் போடவேண்டுமே! வெண்பனியில் அரிசிமா தெரியாது. மஞ்சள் தூளால் போட்டேன்.

நேபாளத் தோழி ஒருத்தி உதவிக்கு வந்தாள். அவர்களுக்கும் அந்தக் கிழமையில்தான் மாகே சங்கராந்தி. புகை எச்சரிக்கை மணி அடித்துவிடாமல் அவள் யன்னலைத் திறந்து பிடித்துக்கொண்டாள். கிழக்குப் பார்த்துப் பொங்குவது நம் முறை. அங்கே நண்பகலில் கொஞ்ச நேரம் தெற்கு வானத்தில் மட்டும் வெளிச்சம் தெரியும். தெற்கைப் பார்த்துப் பொங்கினேன். மின்னடுப்பில் பால் பொங்கி வழிந்தது.

நோர்வேயில் நண்பகல் என்றால் இங்கே மாலை நாலரை மணி. அம்மாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். சொன்னதும் நெடுநேரம் பேச்சில்லை. பிறகு கேட்டார்.

“எந்தப் பக்கம் பொங்கினது?”

“தெற்குப் பக்கம், அம்மா.”

“தம்பிக்கு ஒரு கோப்பையிலை எடுத்து வைச்சனியே?”

“வைச்சனான், அம்மா.”

ஒரு கிழமை கழித்து மலைக்கு மேலே சூரியன் எட்டிப் பார்த்தது. பள்ளிப் பிள்ளைகள் வெளியே ஓடிவந்து ஆரவாரம் செய்தார்கள். அன்று ஊரெல்லாம் ‘சூரியப் பணிசு’ தின்றது. அவர்களுக்கும் ஒரு பொங்கல் உண்டு என்று அப்போதுதான் அறிந்தேன்.

மே 17, மே 18

மே 17 நோர்வேயின் தேசிய நாள். 1814இல் அவர்களின் அரசியலமைப்பு கையொப்பமிடப்பட்ட நாள். பிள்ளைகளின் ஊர்வலமே அதில் முதன்மையானது. ஜேர்மன் ஆக்கிரமிப்புக் காலத்தில் அந்தக் கொண்டாட்டம் தடைசெய்யப்பட்டிருந்தது. 1945 மே 8ஆம் திகதி விடுதலை கிடைத்து, ஒன்பதாம் நாள் மீண்டும் கொண்டாடினார்கள்.

ஊரே சிரிக்கும் அந்த நாளுக்கு அடுத்த நாள் எங்களுக்கு எந்த நாள் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2013இல் 17ஆம் திகதி தெருவோரம் நின்று பிள்ளைகளுக்குக் கையசைத்தேன். 18ஆம் திகதி அறையில் உப்புக் கஞ்சி காய்ச்சினேன். ஆசிரியை அம்மையார் ஒரு மெழுகுதிரியோடு வந்து, ஒன்றும் பேசாமல் என்னோடு இருந்து அந்தக் கஞ்சியைக் குடித்தார்.

சகோதரிகளுக்கு

பிள்ளையை வெளிநாடு அனுப்பிய தாய்மாரே, நல்ல நாளில் “இங்கை ஒண்டும் இல்லை” என்று மறைக்காதீர்கள். என்ன சமைத்தீர்கள், யார் வந்தார்கள் என்று சொல்லுங்கள். அதைக் கேட்டுத்தான் பிள்ளை அங்கே சாப்பிடும். போகும் பெட்டியில் வறுத்த பயற்றம்மாவும் மஞ்சள் தூளும் ஒரு பொதி வையுங்கள்.

வரவேண்டியவருக்காகக் காத்திருக்கும் வீடுகளுக்கு ஒன்று சொல்வேன். பொங்கினால் அவரை மறந்துவிட்டோம் என்று ஆகாது. அவருக்குரிய பங்கை முதலில் எடுத்து வைத்துவிட்டுப் பொங்கலாம். வீட்டில் வளரும் சிறுபிள்ளைகளுக்கு நல்ல நாள் வேண்டும். தேடுவதை அது நிறுத்தாது.

2014 தைப்பொங்கலுக்கு அம்மா முற்றம் மெழுகி, மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினார். யாரும் வந்து சொல்லவில்லை. இப்போது தம்பியின் பிறந்தநாளிலும் பயற்றம் பணியாரம் சுடுகிறார். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் வந்து, “இண்டைக்கு ஆற்றை பிறந்தநாள்?” என்று கேட்கிறார்கள். அம்மா தம்பியின் பெயரைச் சொல்லிக் கொடுக்கிறார்.