வைக்கோல் லாரியும் எலெக்ட்ரிக் ஸ்கூட்டரும்

உத்திரமேரூர் பக்கத்தில் வண்டி தீப்பிடித்தது என்று சொன்னால், ஒரு தலைமுறைக்கு முன் யாரும் “எந்த வண்டி?” என்று கேட்க மாட்டார்கள், வைக்கோல் வண்டிதான். ஏரிப்பாசன நெல் பூமி. அறுவடை முடிந்ததும் டிராக்டரிலும் லாரியிலும் வைக்கோலை மலையாகக் குவித்துக் கயிறு போட்டுக் கட்டிக் கிளம்புவார்கள். வழியில் தொய்ந்து தொங்கும் மின்கம்பியில் உச்சி உரசினால் ஒரு பொறி போதும்.

அந்தத் தீக்கு ஊர் பழகியிருந்தது. டிரைவர் கவனிக்கும் முன்பே எதிரில் வருபவர் கூச்சல் போட்டுவிடுவார். வீடுகளை விட்டு வெட்டவெளிக்கோ ஏரிப் பக்கமோ வண்டியை ஓட்டுவது, டிரெய்லரைக் கழற்றிவிட்டு டிராக்டரை மீட்பது, லைனை நிறுத்தச் சொல்லி மின்வாரியத்துக்கு ஆள் அனுப்புவது எல்லாம் சொல்லாமலே நடக்கும். பெரும்பாலும் பகலில், தெருவில், பத்துப் பேர் கண்ணெதிரே எரிந்த தீ அது. பொருள் போகும், ஆள் தப்பிவிடுவார். வைக்கோலை எந்திரம் உருளைகளாகச் சுருட்டித் தரும் இந்நாளிலும் அந்த விபத்து முற்றாக ஒழியவில்லை.

இன்று கூடுதலாக வந்திருப்பது வேறு வகைத் தீ, எலெக்ட்ரிக் வண்டியின் தீ. உத்திரமேரூர் இருக்கும் இதே மாவட்டத்தின் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் ஆலை எலெக்ட்ரிக் கிரெட்டா காரைத் தயாரிக்கிறது. 2025 ஜனவரியில் அது விற்பனைக்கு வந்தது. ஆனால் கிராமத்துத் தெருவில் ஓடுவது பெரும்பாலும் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர். மழைக்கும் திருட்டுக்கும் பயந்து இரவில் அதை வீட்டுக்குள் ஏற்றி, கைக்கு எட்டிய பிளக்கில் செருகிவிட்டுத் தூங்கப் போகிறோம்.

2022 மார்ச் இறுதியில் வேலூரில், வீட்டில் இரவு சார்ஜில் போட்டிருந்த புது ஸ்கூட்டர் எரிந்து, தந்தையும் 13 வயது மகளும் புகையில் மூச்சுத்திணறி இறந்தார்கள். அடுத்த சில நாட்களில் மணப்பாறையிலும் சென்னையை அடுத்த மஞ்சம்பாக்கத்திலும் ஸ்கூட்டர்கள் எரிந்தன. அந்த ஏப்ரலில் ஸ்கூட்டர் கம்பெனிகளான ஒகினாவா 3,215 வண்டிகளையும் ஓலா 1,441 வண்டிகளையும் சோதனைக்குத் திரும்ப அழைத்தன.

லித்தியம் பேட்டரி என்பது சிறு சிறு செல்களின் கூட்டம். தயாரிப்புக் குறையாலோ, அடிபட்டோ, மிகையாகச் சார்ஜ் ஏறியோ ஒரு செல் அளவுமீறிச் சூடானால், அது எரியும் வாயுவைக் கக்கும்; கூரைவீட்டு வரிசையில் தீ தாவுவதுபோல் அடுத்த செல்லுக்குச் சூடு தாவும். வெளிக்காற்றை மறித்தாலும் உள்ளே வினை நிற்காது. பெட்ரோல் தீக்கு உதவிய மண்ணும் சாக்கும் அதனால்தான் இங்கே தோற்கின்றன. நிறையத் தண்ணீரால் நெடுநேரம் குளிரவைக்க வேண்டும். அணைந்ததாகத் தோன்றிய பேட்டரி பல மணி நேரம் கழித்தும் மறுபடி பற்றலாம்.

எலெக்ட்ரிக் வண்டியே ஆபத்து என்று இதற்குப் பொருளில்லை. பெட்ரோல், டீசல் வண்டிகளும் எரிகின்றன. 2022 டிசம்பரிலும் 2023 மார்ச்சிலும் இரு கட்டமாக நடைமுறைக்கு வந்த, எலெக்ட்ரிக் ஸ்கூட்டர்களுக்கான ஏஐஎஸ் 156 விதியின் திருத்தங்கள், பேட்டரிப் பாதுகாப்பை இறுக்கியிருக்கின்றன. இரும்பு பாஸ்பேட் வகை பேட்டரிகள் சூட்டைக் கூடுதலாகத் தாங்குகின்றன. ஆனால் விதி பேட்டரியோடு நின்றுவிடுகிறது. நம் வீட்டின் பழைய ஒயரிங்கை அது பார்க்காது.

மாறவேண்டியது நம் பழக்கம். தெருத்தீக்கு ஓடிப்போய் அணைத்தவர்கள், வீட்டுத்தீயில் முதலில் ஓடி வெளியேற வேண்டும். இங்கே கொல்வது புகை. வெளியேறும் ஒரே வாசலை மறித்து வண்டியைச் சார்ஜில் போடக்கூடாது. எர்த் உள்ள தனிப் பிளக், கம்பெனி தந்த சார்ஜர், திறந்த தாழ்வாரம், விழித்திருக்கும் நேரம் இவை போதும். வெயிலில் ஓட்டி வந்த பேட்டரி ஆறிய பிறகே சார்ஜ் ஏற்றலாம். உப்பியோ அடிபட்டோ இருக்கும் பேட்டரியை உள்ளூர் மெக்கானிக்கிடம் பிரிக்கக் கொடுக்கக்கூடாது. தீயணைப்புத் துறையின் 101-க்குப் போன் செய்பவர் “எலெக்ட்ரிக் வண்டி” என்பதை முதல் வார்த்தையாகச் சொன்னால், வருகிறவர்கள் அதற்கேற்ற தண்ணீரோடு வருவார்கள்.