மலைவீட்டுக்கு ஒரு பெரிய கடல்மீன்

கடல்மீன் தொட்டி வைத்திருப்பவர்கள் ஒரு கட்டத்தில் தவறாமல் கேட்கும் கேள்வி இது: சின்ன மீன்கள் போதும், நடுநாயகமாக ஒரு பெரிய மீன் வேண்டும், எதை விடலாம்? சென்னைக்காரருக்குச் சொல்லும் பதிலை ஊட்டிக்காரருக்கு அப்படியே சொல்லக் கூடாது. சென்னையில் கோடைதோறும் தொட்டி நீரைக் குளிர்விக்க சில்லர் ஓட வேண்டும். ஊட்டியில் அந்தக் கவலை இல்லை. மார்கழி, தை மாதங்களில் புல்வெளியெல்லாம் உறைபனி படியும் ஊர் அது. பவளப்பாறை மீனுக்கோ ஆண்டு முழுவதும் 24 முதல் 27 டிகிரிக்குள் வெப்பம் வேண்டும். ஊட்டி ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்திலும், குன்னூர் ஏறத்தாழ 1,850 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. எந்த மீன் பிழைக்கும் என்பதில் குளிரைவிட இந்த உயரத்துக்குத்தான் பங்கு அதிகம்.

பெரிய மீன் என்றதும் பலருடைய கண் எம்பரர் ஏஞ்சல் மீன்மேல் போய் நிற்கும். நிற்கத்தான் செய்யும், அவ்வளவு அழகு. குஞ்சு கருநீலம், அதன் உடலில் வெள்ளை வளையங்கள் ஒன்றுக்குள் ஒன்றாக வால்பக்கம் சுழன்றிருக்கும். வளர வளர வளையங்கள் கலைந்து, நீலத்தில் மஞ்சள் கோடுகள் நெடுக ஓடும். கண்களை மறைத்து ஒரு கறுப்புப் பட்டை விழும். இரண்டும் ஒரே மீன் என்று சொன்னால் நம்புவது கடினம். அந்தக்கால அறிஞர்களே நம்பவில்லை. வளர்ந்த மீனுக்கு 1787-ல் ஜெர்மானிய அறிஞர் பிளாக் பெயர் வைத்தார். 1801-ல் குஞ்சை வேறு இனமாகக் கருதி நிக்கோபார் தீவுகளின் பெயரால் ஒரு பெயர் வைத்துவிட்டார்கள். அந்தப் பெயர் பிற்பாடு ரத்தானது.

கடையில் விற்பது பெரும்பாலும் குஞ்சுதான். உள்ளங்கைக்குள் அடங்கும் அந்தக் குஞ்சு 40 சென்டிமீட்டர் வரை வளரும். கடலில் அதன் முக்கிய உணவு கடற்பஞ்சு. பவளத்தின் பாலிப்புகளையும் கொத்திப் பார்க்கும். அதனால்தான் வெளிநாட்டு நூல்கள் பவளத் தொட்டிக்கு இது ஆகாது என்று எழுதுகின்றன.

நம் நாட்டில் இந்தக் கணக்கு கொஞ்சம் மாறுகிறது. பாறை கட்டும் பவள இனங்கள் அனைத்தும் 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. கடல்குதிரைக்கும் ராட்சதக் களவா மீனுக்கும் அதே சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. உயிருள்ள பவளம் மட்டுமல்ல, காய்ந்து வெளுத்த பவளத் துண்டை வீட்டில் வைத்திருப்பதும் குற்றம். தூத்துக்குடிக்கும் ராமேசுவரத்துக்கும் இடையில் 21 தீவுகளைச் சுற்றி வளர்ந்திருக்கும் மன்னார் வளைகுடாப் பவளப்பாறைகள் முன்பு சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் வெட்டியெடுக்கப்பட்டவை. 2010-லும் 2016-லும் கடல் சூடேறியபோது வெளுத்தவை. அந்தப் பவளத்தில் ஒரு கைப்பிடிகூட மலைக்கு வரக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. ஆகவே நம் தொட்டியில் பாறை என்பது சிமென்ட்டிலோ பீங்கானிலோ செய்த செயற்கைப் பாறைதான். சில மாதங்களில் அதன்மேல் நுண்ணுயிரும் பாசியும் படிந்து, இயற்கைப் பாறை செய்யும் வேலையில் பெரும்பகுதியை அது செய்யத் தொடங்கிவிடும். அங்கே கொத்துவதற்குப் பவளம் கிடையாது. பவளத்தைக் கடிக்குமா என்ற கேள்வி போய், இந்த மீனுக்கு இடமும் மூச்சும் கிடைக்குமா என்ற கேள்வி முன்னால் வருகிறது.

மூச்சைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஊட்டியில் காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதில் ஏறத்தாழ 77 விழுக்காடு. நீரில் கரையும் ஆக்சிஜனும் அதே விகிதத்தில் குறையும். 26 டிகிரி வெப்பமுள்ள கடல்நீர், ராமேசுவரத்தில் லிட்டருக்குச் சுமார் 6.6 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். அதே நீர், அதே வெப்பத்தில், ஊட்டியில் 5 மில்லிகிராமை ஒட்டித்தான் தாங்கும். எவ்வளவு காற்றடித்தாலும் இந்த உச்சவரம்பைத் தாண்டாது. உப்பு, வெப்பம், உயரம் மூன்றுமே ஆக்சிஜனைக் குறைப்பவை. மலைவீட்டுக் கடல்தொட்டியில் மூன்றும் ஒன்றுசேர்கின்றன.

இதே மலையில் டிரவுட் மீன் எப்படி வாழ்கிறது என்று கேட்கலாம். நீலகிரிக்கு டிரவுட்டைக் கொண்டுவர 1860-களில் முயன்றவர் பிரான்சிஸ் டே. இந்தியக் கடல்மீன்களையும் நன்னீர் மீன்களையும் படங்களோடு தொகுத்துப் பெருநூல் எழுதிய அதே மருத்துவர்தான். அவர் முயற்சி கைகூடவில்லை. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எச். சி. வில்சன் ரெயின்போ டிரவுட்டை நிலைநாட்டினார். அவலாஞ்சியில் பொரிப்பகம் வந்தது. டிரவுட் ஆக்சிஜனுக்கு அலையும் மீன். ஆனால் 12 டிகிரிக் குளிரில் ஓடும் நன்னீர் ஓடை, ஊட்டி உயரத்திலும் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்கு மேல் வைத்திருக்கும். வில்சனுக்கு மலை துணை நின்றது. கடல்மீன் வளர்ப்பவருக்கு மலை துணை நிற்காது.

ஆக்சிஜன் என்ற இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு மற்ற மீன்களைப் பார்க்கலாம். பவுடர் புளூ டேங் இந்தியப் பெருங்கடலின் பேரழகி: வான்நீல உடல், மஞ்சள் முதுகுத்துடுப்பு, கறுப்பு முகம். மாலத்தீவிலும் லட்சத்தீவிலும் அலை மோதி நுரைக்கும் பாறை விளிம்பில் வாழ்வது. ஆக்சிஜன் நிறைந்த நீரிலேயே பழகியது. சற்றே வாடினாலும் வெண்புள்ளி நோய் பிடித்துக்கொள்ளும். மலைக்கு இதை நான் பரிந்துரைக்க மாட்டேன். மூரிஷ் ஐடலும் வேண்டாம். தொட்டியில் தீனி எடுக்காமலே மெலிந்து சாவது அதிகம். லயன்ஃபிஷ் தாக்குப்பிடிக்கும், ஆனால் வாயில் நுழையும் மீன் ஒன்றையும் மிச்சம் வைக்காது.

செய்ல்ஃபின் டேங் வேறு ரகம். இந்தியப் பெருங்கடல் இனத்துக்கு டெஸ்ஜார்டினி என்று பெயர். சாதாரணமாக நீந்தும்போது பழுப்பும் வெள்ளையுமான தட்டையான மீன். மற்றொரு மீன் எதிரே வந்தால் முதுகுத்துடுப்பையும் அடித்துடுப்பையும் ஒருசேர விரிக்கும். அந்த நொடியில் அதன் உயரம் ஏறத்தாழ இரட்டிப்பாகிவிடும். நாள் முழுக்கப் பாறைப் பாசியை மேயும். தொட்டி மீன்கள் பலவும் தொடாத குமிழ்ப் பாசியைக்கூடத் தின்னும். வாலின் அடியில் இருபுறமும் கத்திபோல ஒரு முள் இருப்பதால் வலையில் பிடிக்காமல் பெட்டியில் பிடிப்பது நல்லது. இதுவும் 40 சென்டிமீட்டரை எட்டும். எட்டடித் தொட்டி இருப்பவர் மட்டுமே நினைக்கலாம். இந்தக் குடும்பத்தில் 30 ஆண்டுக்கு மேல் வாழும் மீன்கள் உண்டு என்பதையும் மனத்தில் வையுங்கள்.

ஆறடித் தொட்டிக்கு என் தேர்வு ஃபாக்ஸ்ஃபேஸ். நீண்ட மூக்கு, கறுப்பு வெள்ளை முகம், எலுமிச்சை மஞ்சள் உடல். நம் பாக் நீரிணையில் பிடிபட்டு ராமேசுவரத்திலும் யாழ்ப்பாணத்திலும் குழம்பாகும் ஒரா மீனின் நெருங்கிய உறவு. இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் கடல்களில் இருந்து வருகிறது. வளர்ந்தாலும் சுமார் 25 சென்டிமீட்டர்தான். பாசியும் தின்னும், கடையில் விற்கும் உலர்ந்த கடற்பாசித் தாளும் தின்னும். யாரையும் துரத்தாது. இரவில் விளக்கணைந்ததும் மஞ்சள் மறைந்து பழுப்புத் திட்டுகளாகிப் பாறையோடு ஒட்டிக்கொள்ளும். முதன்முதலாகப் பார்ப்பவர் மீன் செத்துவிட்டது என்றே நினைப்பார். ஒரே ஒரு எச்சரிக்கை: முதுகில் 13 முள், அடித்துடுப்பில் 7, வயிற்றுத் துடுப்பு ஒவ்வொன்றிலும் இரண்டு. எல்லாவற்றிலும் நஞ்சு. தொட்டிக்குள் கைவிட்டால் முள்ளை நிமிர்த்திக்கொண்டு பின்வாங்குமே தவிரத் தேடி வந்து குத்தாது. குத்திவிட்டால் பொறுக்கும் சூட்டில் வெந்நீரில் கையை வைத்துக்கொண்டு மருத்துவரைப் பாருங்கள்.

மீன் மலையேறி வரும் வழியையும் சொல்லியாக வேண்டும். சென்னையில் ஆக்சிஜன் நிரப்பிக் கட்டிய பைக்கு மேட்டுப்பாளையம் வரை ஒன்றும் ஆகாது. கல்லாறு தாண்டி 14 கொண்டை ஊசி வளைவுகள் ஏறும்போது, வண்டியில் இருக்கும் சிப்ஸ் பாக்கெட் உப்புவது போலவே மீன் பையும் உப்பும். ஊட்டி வருவதற்குள் உள்ளிருக்கும் காற்று முப்பது விழுக்காடு விரியப் பார்க்கும். அதோடு ஒரு ஃபாக்ஸ்ஃபேஸ் முள் உரசினால் பை கிழிந்துவிடும். ஆகவே இரட்டைப் பை போட்டு, கொஞ்சம் தளர்வாகக் கட்டி, தெர்மாகோல் பெட்டியில் அனுப்பச் சொல்லுங்கள். வந்ததும் பையைத் திறக்காமல் தொட்டியில் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்துங்கள். நெடுந்தூரம் வந்த பையைத் திறந்து வைத்துக்கொண்டு சொட்டுச் சொட்டாக நீர் கலக்காதீர்கள். திறந்ததும் கரியமில வாயு வெளியேறி நீரின் அமிலத்தன்மை குறையும். அதுவரை அடங்கிக் கிடந்த அமோனியா கொடிய நஞ்சாக மாறும். சீக்கிரம் மீனை எடுத்துத் தனித் தொட்டியில் விட்டு, சில வாரம் நோய் இருக்கிறதா என்று பார்த்த பிறகே பெரிய தொட்டிக்கு மாற்ற வேண்டும்.

ஆறடி நீளம், இரண்டடி அகலம், இரண்டடி உயரம் என்றால் 680 லிட்டர். லிட்டருக்கு 35 கிராம் வீதம் 24 கிலோ உப்பு. நீர், கண்ணாடி, பாறை எல்லாம் சேர்ந்து முக்கால் டன்னைத் தாண்டும். மரத்தரை போட்ட பழைய எஸ்டேட் பங்களாவில் மேஸ்திரியைக் கேட்காமல் வைக்காதீர்கள். அறை 12 டிகிரியில் இருக்க நீரை 26-ல் நிறுத்த, நான் போட்ட கணக்கில் சராசரியாக 500 வாட் தேவை. நாளுக்குச் சுமார் 12 யூனிட். பின்புறமும் பக்கங்களும் தெர்மாகோல் ஒட்டினால் குறையும். பெரிய ஹீட்டர் ஒன்றைவிட 300 வாட் ஹீட்டர் இரண்டு மேல். ஒன்று பழுதானாலும் மற்றது நீரை ஒரேயடியாக ஆறவிடாது. ஒன்று அணையாமல் ஓடினாலும் நீர் கொதித்துவிடாது.

மின்தடைதான் பெரும்பகை. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பெய்தது. மலைமுழுக்க மரங்கள் சாய்ந்தன. அப்படி மின்சாரம் போனால் தொட்டி மணிக்கு அரை டிகிரிக்கு மேல் ஆறத் தொடங்கும். ஆனால் குளிர் கொல்வதற்கு முன் ஆக்சிஜன் தீர்ந்துவிடும். சமவெளியில் சில மணி நேரம் சமாளிக்கும் பெரிய மீன், இருப்பே குறைவான மலைநீரில் அவ்வளவு நேரம் தாங்காது. இன்வர்ட்டரில் முதலில் இணைக்க வேண்டியது ஹீட்டரை அல்ல, நீர்மேற்பரப்பைக் கலக்கும் மோட்டாரை.

வாங்கும் முன் வளர்ந்த மீன்களை ஒருமுறை நேரில் பாருங்கள். மண்டபத்தில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் காட்சியகம் இருக்கிறது; சென்னை கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் பெரிய காட்சியகம் உண்டு. எம்பரர் ஏஞ்சல் மலைத் தொட்டிக்கு வேண்டாம்; அதை அங்கேயே பார்த்து ரசித்துவிட்டு வாருங்கள். ஆறடித் தொட்டிக்கு ஃபாக்ஸ்ஃபேஸ் ஒன்று, எட்டடிக்கு செய்ல்ஃபின் ஒன்று. இரண்டையும் சேர்த்து வேண்டாம். இன்வர்ட்டர் வந்து, மோட்டார் அதில் ஓர் இரவு முழுக்க ஓடிக் காட்டிய பிறகு மீன்காரருக்கு முன்பணம் கொடுங்கள்.