பூக்காத ஆண்டுகளில் குறிஞ்சியை அடையாளம் காணல்

குறிஞ்சித் திணையின் கருப்பொருள்களை நடத்தும்போது, 'பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் செடி' என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம். மாணவர் மனத்தில் தங்குவது நீலப்பூ போர்த்திய மலையின் படம் மட்டுமே. கடந்த பெரும்பூப்பு 2018-இல். அடுத்தது 2030-இல் எதிர்பார்க்கப்படுகிறது. இடைப்பட்ட காலத்தில் அது வெறும் பச்சைப் புதர். ஆபத்தும் அப்போதுதான்.

ஸ்ட்ரோபிலாந்தஸ் குந்தியானா என்னும் இச்செடி வாழ்வில் ஒரே முறை பூத்து, விதைவிட்டு மடியும். இன்று சரிவுகளில் நிற்பவை பெரும்பாலும் 2018-இன் விதைகளில் முளைத்தவை. பூக்கும் முன்பே வெட்டினாலோ எரித்தாலோ அவற்றிலிருந்து அடுத்த தலைமுறைக்கு ஒரு விதைகூடக் கிடைக்காது. தேயிலை, தைலமரம், சீகைமரம் ஆகியவற்றுக்காக மலைப்புல்வெளிகள் ஏற்கெனவே பெரிதும் சுருங்கிவிட்டன.

முதலில் இடத்தைப் பாருங்கள். நீலகிரி, பழனி, ஆனைமலைப் பகுதிகளில், ஏறத்தாழ 1,300 மீட்டருக்கு மேலுள்ள திறந்த புல்வெளிச் சரிவே இதன் வாழிடம். அங்கே பெரும்பாலும் முழங்கால் அல்லது இடுப்பு உயரத்தில் கூட்டமாக நிற்கும். சோலைக்காட்டு நிழலில் ஆளுயரம் வளர்ந்திருப்பது பெரும்பாலும் வேறு குறிஞ்சி இனம். அடுத்து இலை: தண்டில் எதிரெதிராக அமைந்து, தடித்து, விளிம்பில் சிறு பற்களுடன் இருக்கும். பக்க நரம்புகள் தெளிவாகத் தெரியும், அடிப்புறம் வெளிறியிருக்கும். இவற்றில் ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்ய வேண்டாம். எல்லாம் பொருந்த வேண்டும்.

'குறிஞ்சி பூத்தது' என்று ஆண்டுதோறும் செய்தி வருகிறதே என மாணவர் கேட்பர். நல்ல கேள்வி. மேற்குத் தொடர்ச்சி மலையில் இப்பேரினத்தைச் சேர்ந்த இனங்கள் பல. ஆண்டுதோறும் பூப்பவையும் அவற்றில் உண்டு. செய்தியிலுள்ள படத்தைக் காட்டி, 'இது எந்தக் குறிஞ்சி?' என்று வகுப்பையே ஆராயச் சொல்லலாம்.

மலைப்பகுதி ஆசிரியர்கள் வனத்துறை அனுமதியுடன் மாணவர்களை அழைத்துச் செல்லலாம். செடியைப் பறிக்க வேண்டாம். முழுச்செடி, அளவுகோலுடன் இலையின் இருபுறம், கணு, சுற்றுப்புறம் ஆகியவற்றைப் படமெடுத்து, அருகிலுள்ள கல்லூரித் தாவரவியல் துறையில் காட்டி உறுதிசெய்யலாம்.

சமவெளிப் பள்ளிகளுக்குக் கனகாம்பரம் போதும். அதுவும் குறிஞ்சியின் குடும்பமே.  நன்கு காய்ந்த அதன் காயைத் தண்ணீரில் போட்டால் 'பட்'டென்று வெடித்து விதை தெறிக்கும். பட்டாசுக்காய்ச் செடி வைத்து விளையாடிய பிள்ளைகளுக்கு இது புதிதல்ல. அதுவும் இதே குடும்பம்தான். குறிஞ்சிக் காயும் இப்படியே வெடித்துத்தான் விதை பரப்புகிறது.