ஆஸ்பத்திரிக்குள் கத்தி வந்தது எப்படி?
கேமராவுக்குப் பணம் இருக்கு. காவலுக்கு ஆள் எங்கே?

சென்னை:

1,000 படுக்கை கொண்ட ஆஸ்பத்திரி. கட்டிய செலவு ரூ.230 கோடி. ஆனால் மறைத்து எடுத்து வந்த ஒரு கத்தியை வாசலில் யாரும் பிடிக்கவில்லை.

கிண்டி கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு ஆஸ்பத்திரியில் 2024-ம் ஆண்டு நவம்பர் 13-ந் தேதி நடந்த சம்பவம் சென்னைவாசிகளுக்கு மறந்திருக்காது. காலை 10 மணி தாண்டிய நேரம். புறநோயாளிகள் பிரிவில் நல்ல கூட்டம். புற்றுநோய் டாக்டரின் அறைக்குள் புகுந்த வாலிபர், கத்தியை எடுத்து சரமாரியாகக் குத்தினார். டாக்டர் ரத்த வெள்ளத்தில் சாய்ந்தார்.

வாலிபர் வெளியாள் அல்ல. அவருடைய தாயார் அதே ஆஸ்பத்திரியில் சிகிச்சை பெற்றவர். அம்மாவுக்கு சரியாக வைத்தியம் பார்க்கவில்லை என்ற ஆத்திரமே காரணம் என்று விசாரணையில் தெரிய வந்தது. அவர் அன்றே கைதானார். டாக்டரை அங்கேயே சிகிச்சை கொடுத்துக் காப்பாற்றினார்கள்.

சட்டம் இருந்தது

டாக்டர், நர்சு, ஊழியர்களைத் தாக்கினால் 3 ஆண்டு முதல் 10 ஆண்டு வரை ஜெயில். ஜாமீனில் வெளிவர முடியாத குற்றம். தமிழ்நாட்டில் இந்தச் சட்டம் 2008-ம் ஆண்டிலேயே வந்து விட்டது.

16 வருஷம் கழித்துத்தான் கிண்டியில் கத்திக்குத்து!

சட்டம் குத்து விழுந்த பிறகுதான் வந்து நிற்கும். முன்னாலேயே தடுக்க வாசலில் ஆள் வேண்டும். ஆளுக்குச் சம்பளம் வேண்டும். அங்கேதான் பணம் என்ற கேள்வி வருகிறது.

கிண்டி சம்பவத்துக்குப் பிறகு பெரிய ஆஸ்பத்திரிகளில் நோயாளியுடன் தங்குகிறவர் கையில் கலர் பட்டை கட்டும் ஏற்பாடு வந்தது. மெட்டல் டிடெக்டர் வைக்கப்படும் என்றும் அறிவித்தார்கள். நல்லதுதான். ஆனால் அது மட்டும் போதுமா?

கொட்டாரக்கரை கத்தரிக்கோல்

கேரளாவில் கொட்டாரக்கரை தாலுகா ஆஸ்பத்திரி. 2023-ம் ஆண்டு மே 10-ந் தேதி, போலீசார் சிகிச்சைக்குக் கூட்டி வந்த ஆள் திடீரென்று வெறி பிடித்தவர் போலத் தாக்கினார். இளம் பெண் டாக்டர் குத்திக் கொல்லப்பட்டார். குத்தியது ஆஸ்பத்திரி கத்தரிக்கோலால். வாசலில் எந்தக் கருவி வைத்திருந்தாலும் அதைப் பிடித்திருக்காது.

ரூ.100 கோடி

கொல்கத்தா ஆர்.ஜி.கர் ஆஸ்பத்திரியில் 2024 ஆகஸ்டு 9-ந் தேதி நடந்த கொடுமை நாட்டையே உலுக்கியது. ராத்திரி டியூட்டி பார்த்த பயிற்சி பெண் டாக்டர், கருத்தரங்கு கூடத்தில் ஓய்வெடுத்தபோது பலாத்காரம் செய்து கொல்லப்பட்டார். ஆயுள் தண்டனை பெற்ற குற்றவாளி யார்? போலீசுக்கு ஒத்தாசையாக ஒப்பந்தத்தில் வேலை பார்த்தவர்!

அதன் பிறகு மேற்கு வங்காள அரசு ரூ.100 கோடி ஒதுக்கியது. கேமரா, ஓய்வறை, கழிப்பறை என்று திட்டம் போட்டார்கள். ஏழு நாள் பயிற்சி கொடுத்து மறுபடியும் ஒப்பந்த ஆட்களையே காவலுக்கு வைப்பதா என்று சுப்ரீம் கோர்ட்டு கேட்டது. வேலை மந்தமாக நடக்கிறது என்றும் அதிருப்தி தெரிவித்தது.

தாக்குதல் நடந்தால் 6 மணி நேரத்துக்குள் போலீசில் வழக்கு பதிவாக வேண்டும், அதற்கு ஆஸ்பத்திரி தலைவரே பொறுப்பு என்று மத்திய அரசும் அந்த ஆகஸ்டு மாதமே உத்தரவு போட்டது.

யார் பதில் சொல்வது?

பெரிய ஆஸ்பத்திரிக்கு ராத்திரி போய்ப் பார்த்தவர்களுக்குத் தெரியும். வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்திருக்கும் சொந்தக்காரர்கள். உள்ளே ஆபரேஷன். என்ன ஆச்சு, பிழைப்பாரா, யாரைக் கேட்பது? நர்சுக்கு நேரமில்லை. டாக்டர் அடுத்த கேசுக்கு ஓடுகிறார். வாசல் காவலாளிக்கு "தள்ளி நில்லு" என்று சொல்வதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. பல இடங்களில் அவர் குறைந்த சம்பளத்துக்கு வந்த காண்டிராக்டு ஆள்.

இதற்காக ஒருவர் கத்தி எடுப்பதை யாரும் நியாயப்படுத்த முடியாது. ஆனால் கைகலப்பு பல நேரம் தொடங்குகிற இடம் இதுதான்.

எனவே வரிப்பணத்தை எதில் போட வேண்டும்? பயிற்சி பெற்ற, நிரந்தரமான காவலாளி. ராத்திரி டியூட்டி பெண்களுக்குத் தாழ்ப்பாள் உள்ள ஓய்வறை. அவசர சிகிச்சை வாசலில், சொந்தக்காரர்களிடம் தமிழில் நிதானமாக நிலைமையைச் சொல்ல 24 மணி நேரமும் ஒரு ஆள்.

கேமரா குத்து விழுவதைப் படம் எடுக்கும். கையைப் பிடிக்காது.

கையைப் பிடிக்க ஆள் போடுங்கள்!