கடைசி இரவில் வரும் குரல்: தேர்தல் விளம்பர உத்திகளும் திருமலை வாக்காளரும்

தேர்தலுக்கு முதல் நாள் இரவு. ஸ்பீக்கர் கட்டிய ஓட்டோக்கள் ஓய்ந்துவிட்டன. இஷாவுக்குப் பிறகு கிண்ணியாத் தெருக்களில் ஆள் நடமாட்டம் குறைந்துவிட்டது. அந்த நேரம் பார்த்துக் கைபேசியில் ஒரு குரல் பதிவு வந்து விழும். "காக்கா, நல்லாக் கேளுங்க. இந்த முறை நாம பிரிஞ்சம் என்டா சீட் போச்சு. சீட் போனா நம்மட புள்ளைகள்ற எதிர்காலமும் போச்சு. கேட்டுட்டு சும்மா இரிக்காம பத்துப் பேருக்கு அனுப்புங்க."

பேசியவர் யாரென்று தெரியாது. எந்தக் கட்சியின் பெயரும் அதில் இல்லை. ஆனால் விடிந்து வாக்குச் சாவடிக்குப் போகிறவரின் காதில் கடைசியாக நிற்பது அந்தக் குரல்தான். சுவரொட்டியைவிடவும் மேடைப் பேச்சைவிடவும் வலுவான விளம்பரம் அது. இவ்வகை விளம்பரங்கள் எப்படி வேலை செய்கின்றன என்பதை நமது மாவட்டத்தில் நின்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இதை ஆராய்வது புதிய முயற்சியல்ல. 1937இல் நியூயோர்க்கில் தொடங்கப்பட்ட பிரசாரப் பகுப்பாய்வு நிறுவகம், மக்களை வசப்படுத்தும் ஏழு உத்திகளைப் பட்டியலிட்டது. எதிராளிக்கு இழிபெயர் சூட்டுவது, பொருள் தெளிவில்லாத பளபளப்பான சொற்களைப் பாவிப்பது, மதிப்புள்ள ஒன்றின் மதிப்பைத் தன்மேல் ஏற்றிக்கொள்வது, பெரியவர் ஒருவரின் சான்றைக் காட்டுவது, 'நானும் உங்களில் ஒருவன்' என்று நடிப்பது, சாதகமானதை மட்டும் அடுக்கிக் காட்டுவது, 'எல்லாரும் இந்தப் பக்கம் வந்துட்டாங்க' என்று கூட்டத்தோடு இழுப்பது என்பனவே அவை. வேட்பாளர் தேத்தண்ணிக் கடை வாங்கில் குந்தியிருக்கும் படத்தையும், கரைவலை இழுக்கும் படத்தையும் பார்த்தவர்களுக்கு ஐந்தாவது உத்தியை விளக்கத் தேவையில்லை.

இழிபெயர் சூட்டலின் விலையை நம் சமூகம் நன்கறியும். 2018 பெப்ரவரி இறுதியில் அம்பாறை நகரில் ஓர் உணவகத்தில், கறியில் கிடந்த மாக்கட்டியைக் கருத்தடை மாத்திரை என்றார்கள். அது வெறும் மாவுப்பொருள் என்று அரச இரசாயனப் பகுப்பாய்வாளர் பின்னர் அறிக்கை தந்தார். அறிக்கை வருவதற்குள் பள்ளிவாசலும் கடைகளும் தாக்கப்பட்டு முடிந்திருந்தன. அடுத்த வாரமே திகன எரிந்தது. 2019 ஏப்ரல் 21 குண்டுத் தாக்குதல்களுக்குப் பின், குருநாகல் வைத்தியர் ஷாபி மீது அதே கருத்தடைக் கதை சுமத்தப்பட்டது. அவர் கைதானார், பிணையில் வந்தார், பல ஆண்டுகளுக்குப் பிறகே மீண்டும் பணியில் அமர்த்தப்பட்டார்.

இவை எந்தக் கட்சியும் கையொப்பமிட்டு வெளியிட்ட விளம்பரங்கள் அல்ல. ஆயினும் விளம்பரத்துக்கு நிலத்தைப் பண்படுத்திக் கொடுத்தவை இவைதாம். 2019 நவம்பர் ஜனாதிபதித் தேர்தல் வந்தபோது, 'தேசிய பாதுகாப்பு', 'ஒரே நாடு, ஒரே சட்டம்' என்ற சொற்களே போதுமானவையாக இருந்தன. யாரிடமிருந்து பாதுகாப்பு, யாருக்கு எதிரான சட்டம் என்று சுவரொட்டியில் எழுத வேண்டியிருக்கவில்லை. அதைப் பார்ப்பவரின் மனமே நிரப்பிக்கொண்டது. பளபளப்புச் சொல்லின் இயல்பு இதுதான். வெற்றிடத்தை அது விட்டுவைக்கும், அச்சம் வந்து குடியேறும்.

மறுபக்கமும் சும்மா இருக்கவில்லை. அதே தேர்தலுக்கு ஆறு நாட்களுக்கு முன், 2019 நவம்பர் 10ஆம் திகதி, அன்றைய அமைச்சர் ராஜித சேனாரத்ன நடத்திய ஊடகச் சந்திப்பில் இருவர் தோன்றி வெள்ளை வான் கடத்தல்கள் பற்றிச் சொன்னார்கள். மனிதர்களை முதலைகளுக்குப் போட்ட கதையும் அதில் வந்தது. தேர்தல் முடிந்ததும் அந்த இருவரும் கைதாகினர், பிறகு ராஜிதவும் கைதானார். வெள்ளை வான் கடத்தல்கள் இந்நாட்டில் நடந்தவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த இருவரின் கதையைச் சரிபார்க்க வாக்காளருக்குக் கிடைத்த அவகாசம் வெறும் ஆறு நாள். அந்தத் தேர்தலில் திருமலை மாவட்டத்தில் சஜித் பிரேமதாசவுக்கு 72 வீத வாக்குகள் கிடைத்தன. அந்த வாக்குகளுக்குப் பின்னால் இருந்த அச்சம் வீணானதென்று சொல்ல முடியாது. 2020 ஏப்ரலில் ஜனாஸா எரிப்புக் கட்டாயமாக்கப்பட்டு, 2021 பெப்ரவரி வரை நீடித்ததை நாம் கண்டோம். ஆகவே அச்சமூட்டும் விளம்பரம் எல்லாம் பொய் என்று தள்ளிவிடுவதும் தவறு. அது எதைக் கேட்கவிடாமல் நம்மை அவசரப்படுத்துகிறது என்று பார்ப்பதே சரியான சோதனை.

மதிப்பை ஏற்றிக்கொள்ளும் உத்திக்கு 1982 டிசம்பர் 22 சர்வசன வாக்கெடுப்பு நல்ல பாடம். 1977இல் தெரிவான பாராளுமன்றத்தைப் பொதுத் தேர்தல் இல்லாமலே மேலும் ஆறு ஆண்டுகள் நீடிப்பதா என்பதுதான் கேள்வி. நீடிப்பதற்கு விளக்குச் சின்னம், எதிர்ப்பதற்குக் குடம். விளக்கு என்றால் வீட்டுக்கு வெளிச்சம், அதை அணைக்க யாருக்கு மனம் வரும்? 54.66 வீதத்தால் விளக்கு வென்றது. வாக்காளர் புள்ளடி போட்டது தன் தேர்தல் உரிமையைத் தள்ளிவைக்கும் ஒரு முடிவுக்கு. சின்னம் அதை மறைத்து நின்றது. மரத்தின் நிழல், யானையின் பலம் என்று நம் மேடைகளில் பாடப்படுவதும் இதே வகையைச் சேர்ந்ததுதான்.

அடுக்கிக் காட்டும் உத்திக்கு நம் ஊரைவிட வேறெங்கும் போக வேண்டாம். 'பாதை'யில் ஏறி ஆற்றைக் கடந்த தலைமுறைக்குக் கிண்ணியாப் பாலம் பெரிய வரம். 396 மீற்றர் நீளமான அந்தப் பாலம் சவூதி அரேபியாவின் நிதியுதவியுடன் கட்டப்பட்டு, 2009 ஒக்டோபர் 20ஆம் திகதி திறக்கப்பட்டது. மூன்று மாதங்களில், 2010 ஜனவரி 26இல், ஜனாதிபதித் தேர்தல். பாலத்தின் படம் எத்தனையோ பிரசுரங்களில் வந்தது, இன்றும் வருகிறது. பாலமும் உண்மை, படமும் உண்மை. ஆனால் அதே பிரதேசத்தில் குறிஞ்சாக்கேணிப் பாலத்தின் வேலை முடியாமல் கிடந்தது. 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை, பாலத்துக்குப் பதிலாக ஓடிய மிதவைப் படகு கவிழ்ந்து பள்ளிக்கூடம் போன பிள்ளைகள் உட்பட பல உயிர்கள் போயின. பிரசுரத்தில் இருப்பதைப் பார்க்கும்போது இல்லாததையும் தேட வேண்டும் என்பதற்கு இதைவிடக் கசப்பான சாட்சி வேண்டியதில்லை.

இனி அந்தக் குரல் பதிவின் 'சீட்' கணக்குக்கு வருவோம். நமது மாவட்டத்துக்கு நான்கு ஆசனங்கள். 2015இலும் 2020இலும் இரண்டு முஸ்லிம் உறுப்பினர்கள் தெரிவாகினர், 2024இல் ஒருவர் மட்டுமே. ஆகவே அந்தக் கவலைக்குக் காரணம் இருக்கிறது. ஆனால் கணக்கு எப்படி நடக்கிறது? 5 வீதத்துக்குக் குறைந்த கட்சிகள் நீக்கப்படும். அதிக வாக்குப் பெற்ற கட்சிக்கு ஒரு ஆசனம் போனஸ். மிச்ச வாக்குகளை மூன்றால் வகுத்து வரும் எண்ணுக்கு ஒரு ஆசனம் வீதமும், எஞ்சியதைப் பெரிய மீதிகளின்படியும் பகிர்வார்கள்.

உதாரணத்துக்கு இரண்டு இலட்சம் வாக்குகள் என்று வைப்போம். ஒரு கட்சிக்கு ஆசனம் கிடைக்கும் எண் 66,667. அ 80,000, ஆ 50,000, இ 40,000, ஈ 30,000 என்றால், அ இரண்டு ஆசனமும் ஆ, இ ஒவ்வொன்றும் பெறும். இப்போது இ, ஈ இரண்டும் ஒன்றுசேர்ந்து 70,000 எடுத்தாலும் முடிவு மாறாது, சேர்ந்தவர்களுக்கு ஒரே ஆசனம்தான். மாறாக அ 65,000, ஆ 50,000, இ 45,000, ஈ 40,000 என்று இருந்து இ, ஈ சேர்ந்தால் 85,000 வரும். முதலிடமும் போனஸும் அவர்கள் பக்கம் வந்து, ஒரு ஆசனம் இரண்டாகும். ஆக, 'பிரிஞ்சா சீட் போச்சு' என்பது சில கணக்கில் மெய், சில கணக்கில் பொய். அதைச் சொல்லுகிறவர் எண்களையும் சேர்த்துச் சொன்னால் அது வாதம். எண்களை விட்டுவிட்டு 'புள்ளைகள்ற எதிர்காலம்' என்று மட்டும் சொன்னால் அது பிரசாரம். ஒற்றுமை என்ற சொல்லை முன்னிறுத்தி, வேட்பாளரின் தகுதி பற்றிய கேள்வியை அமுக்கிவிடுவதுதான் அதன் உள்நோக்கம்.

சட்டம் எவ்வளவு உதவும்? வாக்களிப்புக்கு முந்திய இரு நாட்களில் பிரசாரம் செய்யக்கூடாது. 2023ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கத் தேர்தல் செலவின ஒழுங்குபடுத்தல் சட்டம், செலவுக்கு உச்சவரம்பு வைத்துக் கணக்கும் கேட்கிறது. 2024 ஜனாதிபதித் தேர்தலில் அந்த வரம்பு ஒரு வாக்காளருக்கு 109 ரூபா. ஆனால் பெயரில்லாத குரல் பதிவுக்கு எவரும் கணக்குக் காட்டப் போவதில்லை. அது ஒவ்வொரு கையிலும் இலவசமாகவே பயணம் செய்கிறது.

எனவே கடைசிக் காவல் நாமேதான். சூரா ஹுஜ்ராத்தின் 6ஆம் வசனம், செய்தி வந்தால் தீர விசாரிக்கும்படி கட்டளையிடுகிறது. அறியாமல் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பிறகு வருந்தாதிருக்கவே அந்தக் கட்டளை. அதே சூராவின் 11ஆம் வசனம் பட்டப்பெயர் சூட்டி அழைப்பதைத் தடுக்கிறது. நம்மைப் பற்றிய கருத்தடைக் கதையை விசாரிக்காமல் பரப்பியவர்கள்மீது நாம் கோபப்பட்டோம். அது நியாயமான கோபம். அதே கோபம், மற்றச் சமூகத்தைப் பற்றியோ நம்மூர் எதிர்க்கட்சி வேட்பாளரைப் பற்றியோ வரும் பதிவை அனுப்பும்போதும் நமக்கு வர வேண்டும்.

அடுத்த முறை அந்தக் குரல் வரும்போது பத்துப் பேருக்கு அனுப்ப வேண்டாம். அனுப்பியவர் ஒருவருக்கு மட்டும் திருப்பி எழுதுங்கள்: "மச்சான், இத ஆரு பேசினது? எந்தக் கணக்குல சொல்றாங்க?" பதில் வந்தால் படியுங்கள். பதில் வராவிட்டால் அதுவும் ஒரு தகவல்தான்.