ஆடையும் நிழற்படமும்

ஆடை வணிகத்தில் நிழற்படத்திற்குரிய தொழில், உடுத்தாரை அழகுறக் காட்டிக் காண்பாரை வாங்கத் தூண்டுதலே எனப் பலரும் கருதுவர். அவ்வகைப் படத்தில் உடுத்தவர் உளர். நெய்தவரும் தைத்தவரும் இலர். அவர்களைக் காட்ட எழுந்த பிறிதொரு படமரபு உண்டு. அதனை ஈண்டு ஆராய்வாம்.

அமெரிக்காவில் லூயிஸ் ஹைன் என்பார், தேசியக் குழந்தைத் தொழிலாளர் குழுவிற்காக 1908 முதல் பஞ்சாலைகளுட் புகுந்து ஆங்கு உழைத்த சிறாரைப் படம் பிடித்தார். ஆலையார் தடுத்தவிடத்து விவிலியம் விற்பவர் போலவும் நடித்ததுண்டு. சிறுவரின் உயரத்தைத் தம் அங்கியின் பொத்தான்களைக் கொண்டு அளந்து, வயதும் ஊரும் குறித்துப் படத்தோடு இணைத்தார். படத்தினும் அக்குறிப்பே வலிமையுடைத்து என்பது எம் கருத்து. புறநானூற்றுப் பாடலின் இறுதியில் திணையும் துறையும், பாடினோரும் பாடப்பட்டோரும் கூறும் குறிப்புச் சிதைந்துழி, நாம் பொருள்காண இடர்ப்படுவதை ஒப்பிட்டுக் காண்க.

வங்காளதேசத்துச் சாவரில், ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகள் ஐந்து இயங்கிய ராணா பிளாசா என்னும் எட்டுமாடிக் கட்டடம் 2013 ஏப்பிரல் 24 அன்று இடிந்தது. முந்திய நாளே சுவர்களில் வெடிப்புக் கண்டனர். கீழ்த்தளத்து வங்கி தன் ஊழியரை வரவேண்டா என்றது. தையல் தொழிலாளரோ வேலைக்கு ஏவப்பட்டனர். இறந்தோர் 1,134 பேர். இடிபாட்டினிடையே ஓர் ஆணும் பெண்ணும் தழுவியவாறு இறந்து கிடந்த காட்சியைத் தஸ்லிமா அக்தர் படம் பிடித்தார். அவ்விருவர் யாவர், என்ன உறவினர் எனத் தேடியும் அறியக்கூடவில்லை என அவரே எழுதினார். பெயரறியா இறந்தாரின் உடலை உலகம் முழுதும் காணச் செய்தல் அறமாகுமா? தொழிலாளர் இயக்கத்தவரான அவர், குறிப்பின்மையை மறையாது வெளிப்படக் கூறினமையின், அப்படம் இரங்கலோடு நில்லாது வினாவாகின்றது எனக் கொள்வோம்.

ஆங்கு வேறிருவகைப் படங்களும் பயன்பட்டன. கலைநூலார் இவற்றைப் பெரிதும் பேசுவதில்லை. காணாமற்போனாரின் சிறு படங்களை ஏந்தி உறவினர் உடல்களைத் தேடினர். இடிபாட்டிற் கிடந்த ஆடைகளின் பெயர்ச்சீட்டுகளைப் படமெடுத்தோர், அவற்றைத் தைப்பித்த அயல்நாட்டு நிறுவனங்களை அடையாளங்காட்டினர். ஆவணம் என்னும் பெயர்க்கு இவையே முற்றத் தகும்.

பின்னர் 2014 முதல், ஆண்டுதோறும் அவ்விடிபாட்டு நாளையொட்டி, ஆடையை உட்புறம் வெளியாக அணிந்து பெயர்ச்சீட்டுத் தோன்றப் படமெடுத்து, ‘என் ஆடையைத் தைத்தவர் யார்?’ என நிறுவனங்களை வினவும் வழக்கம் பரவிற்று. விடையாக, ‘யாம் தைத்தோம்’ என்னும் அட்டை ஏந்திய தொழிலாளர் படங்களும் வந்தன. முறுவலித்த முகம் கூலியின் அளவைக் கூறாது. அட்டையைக் கொடுத்தவர் முதலாளியாயின், ஹைன் உள்ளே புகவொட்டாது காத்த வாயிலை இன்று படமே காக்கின்றதோ என ஐயுறவும் இடமுண்டு.

கழிக்கப்பட்ட ஆடையின் நிலையோ வேறு. சிலி நாட்டு அட்டகாமாப் பாலையில், ஆல்ட்டோ ஓசுப்பீசியோ ஊரருகே குவிந்த பழந்துணி மேடுகளை 2021-இல் வெளியான படங்கள் காட்டின. அத்துணிகளுள் விலைச்சீட்டு அகலாதனவும் இருந்தன.