வேவர்ட்: மூன்று பெண்கள், ஒரு வீடு

எமிலியா ஹார்ட்டின் ‘வேவர்ட்’ (2023) படிச்சு முடிச்சதும் தலைப்பைத்தான் துருவினேன். மெக்பெத்தின் சூனியக்காரிகளை 1623 பதிப்பு இப்படித்தான் எழுத்துக்கூட்டுகிறது. நாவலில் அது குடும்பப் பெயர்: 1619-ல் ஆல்தா, 1942-ல் வயலெட், அடிக்கிற துணையிடமிருந்து 2019-ல் தப்பி வரும் கேட். எனக்கு ஆல்தா பகுதிதான் உயிர். சிநேகிதியின் கணவனை மாடுகள் மிதித்துக் கொன்றதற்கு இவள் செய்வினைதான் காரணமாம்! விசாரணை லங்காஸ்டரில்.

அதே ஊரில் 1612-ல் நிஜமாகவே பத்துப் பேரைத் தூக்கிலிட்டார்கள். முக்கிய சாட்சி ஜெனட் டிவைஸ், சுமார் ஒன்பது வயசுக் குழந்தை. பாட்டி சிறையிலேயே செத்தாச்சு. குழந்தை பேச வந்ததும் அம்மா கத்தின கத்தலில், அம்மாவை வெளியே கொண்டுபோய்விட்டுத்தான் சாட்சியம் கேட்டார்கள். அம்மா, அண்ணன், அக்கா மூவருக்கும் தூக்கு.